பதினேழு ஒன்றுகள்

கல்யாணமாகி மூன்றாம் நாள். மறுவீட்டு விருந்துக்குப் போக மாப்பிள்ளையும் பெண்ணும் விளக்குத்தூண் பக்கம் பஸ்ஸுக்கு நின்றார்கள். அதுவரை பெண்ணிடம் ஒழுங்காக நாலு வார்த்தை பேசாத மாப்பிள்ளை ராமமூர்த்தி, வந்து நின்ற பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. பதிமூணால ஒடையும்."

ராதாமணிக்கு, பஸ் உடையப்போகிறது என்கிறாரா, இல்லை மனுஷனுக்கே எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று விளங்கவில்லை. ஆனாலும் அவள் பத்தாவது படித்த பெண். ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் விரல் மடக்கி வகுத்துப் பார்த்தாள். நூற்றேழு தடவை, மீதி இல்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. அன்றிலிருந்து அவர் சொல்லும் எந்தக் கணக்கையும் அவள் சரிபார்க்காமல் விட்டதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இருவரும் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது அவர்கள் பாஷை. ஆனால் எண் என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் தமிழ்தான் வரும், ஏனென்றால் வாய்ப்பாடு தமிழில் படித்தது. இந்தக் கதையில் பாதிக்கு மேல் எண்தான் என்பதால் எல்லாவற்றையும் மதுரைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ராமமூர்த்தி எட்டாவதோடு படிப்பை விட்டவர். அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார, இவருக்கு மட்டும் இரும்பின் மேல் ஆசை. கப்பலூர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தார். பஞ்சாலைகளில் தேய்ந்துபோகும் சக்கரங்களுக்குப் பதில் சக்கரம் செய்வது அங்கே வேலை. எந்திரத்தோடு ஒரு பெட்டி நிறைய மாற்றுச் சக்கரங்கள் இருக்கும். எழுபத்திரண்டு பல் வெட்ட வேண்டுமா, எட்டும் ஒன்பதுமாக அதை உடைத்து, அதற்கேற்ற சக்கரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்ட வேண்டும். எண் உடைந்தால் வேலை நடக்கும். உடையாவிட்டால் தலை உடையும். அதனால்தான் ராமமூர்த்திக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் உடைத்துப் பார்க்கும் கை வந்தது. பஸ் டிக்கெட், ரேஷன் கார்டு, சைக்கிள் ஸ்டாண்டு வில்லை, எதுவும் தப்பாது. "மாப்ள, இன்னைக்கு எம்புட்டு ஒடைச்ச?" என்று மேஸ்திரி பேயாண்டி தினமும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டார்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஓர் ஆலையிலிருந்து நூற்றிருபத்தேழு பல் சக்கரம் ஒன்று வந்தது. ராமமூர்த்தி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். இரண்டாம் நாள் சாயங்காலம், "அண்ணே, இது ஒடையாத நம்பர். எதாலயும் போகாது. வேற வழிலதான் வெட்டணும்" என்று பேயாண்டியிடம் போய்ச் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இரண்டு நாள் உழைத்துக் கண்டுபிடித்தது அல்லவா? அப்போது முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர், டிப்ளமா படித்தவர், அங்கே நின்றிருந்தார். தடிமனான புத்தகத்தைப் புரட்டி, "அது புத்தகத்துலயே போட்டிருக்கே" என்றார். நூற்றிருபத்தேழு உடையாது என்பதும், அதை எப்படி வெட்டுவது என்பதும் ஒரே பக்கத்தில் இருந்தன. சக்கரம் அன்றே வெட்டியாயிற்று.

வீட்டுக்கு வந்த ராமமூர்த்தி காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்கவில்லை.

"தப்பாவா சொன்னீங்க?" என்று ராதாமணி கேட்டாள்.

"சரியாத்தான் சொன்னேன். ஆனா எல்லாத்துக்கும் ஒரு புத்தகம் இருக்கு ராதா. அது எப்பவும் இன்னொருத்தன் கைலதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணாவது, யாரும் சொல்லாம, எந்தப் புத்தகமும் பாக்காம, நானா ஒடைக்கணும். பெரிசா. இம்புட்டுன்னு சொன்னா எவனும் நம்பாத மாதிரி."

கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் வந்திருக்கும்.

கேட்ட வரம் பஸ்ஸிலேயே கிடைத்தது. கப்பலூரைத் தாண்டிப் போகும், அவர் வேலைக்கு ஏறும் திருமங்கலம் பஸ்ஸில் கல்யாணராமன் என்று ஒரு கணக்கு வாத்தியார், கல்லூரி வாத்தியார், தினமும் வருவார். பக்கத்து ஸீட்டில் ஒருவர் கிரீஸ் கையோடு பஸ் டிக்கெட்டின் பின்னால் வகுத்துக்கொண்டிருப்பதை அவர் ஒரு மாதம் கவனித்தார். பிறகு பொறுக்க மாட்டாமல், வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாக, ஒரு சங்கதியைச் சொன்னார்.

"வெறும் ஒண்ணா எழுதிப் பாருங்கோ. பதினொண்ணு ஒடையாது. மூணு ஒண்ணு போட்டா நூத்திப் பதினொண்ணு, மூணால ஒடையும். நாலு ஒண்ணு பதினொண்ணால ஒடையும். அஞ்சு ஒண்ணு நாப்பத்தொண்ணால ஒடையும். மேல மேல போயிண்டே இருக்கலாம்."

ராமமூர்த்தி போனார். ஏழு ஒன்றுகளை நாலே நாளில் உடைத்தார். இருநூற்று முப்பத்தொன்பதால் உடைந்தது. பதினோரு ஒன்றுகளிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணராமன் மனமிரங்கி ஒரு சூட்சுமம் மட்டும் சொன்னார்: ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டித்து, அதால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும், மற்றது எதுவும் உள்ளே நுழையாது. இருபத்திரண்டால் வகுத்து ஒன்று மிஞ்சுவதாகத் தேடிக்கொண்டே போய், மூன்று மாதத்தில் பதினோரு ஒன்றுகளையும் உடைத்துவிட்டார். பன்னிரண்டு ஒன்றுகள் மூன்றால் போயிற்று. பதிமூன்று ஒன்றுகள், பார்க்கத்தான் பூதம், வெறும் ஐம்பத்து மூன்றால் பொலபொலவென்று உதிர்ந்தது. பதினான்கும் பதினைந்தும் பதினாறும் சில்லறை விவகாரம். அதற்கப்புறம் பதினேழு நின்றது.

11111111111111111.

நூற்றுப் பதினோரு கோடி கோடிக்கு மேல். கல்யாணராமன் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி ஏதோ ஒரு பழைய புத்தகத்தில் பதிலைப் பார்த்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வாயைத் திறப்பதற்குள் ராமமூர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லிறாதீங்க சார். ஒடையுமா ஒடையாதான்னு கூடச் சொல்லிறாதீங்க."

"ஒடையாதுன்னா ஆயுசு பூரா வகுத்துண்டே இருப்பீரே ஐயா!"

"இருந்துட்டுப் போறேன்."

கல்யாணராமன் பதிலை ஒரு தாளில் எழுதி, கவருக்குள் போட்டு, கோந்து தடவி ஒட்டி, ராதாமணி கையில் கொடுத்தார். அவள் அதை பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்தாள். "நானே கேட்டாலும் குடுக்காத" என்று ராமமூர்த்தி அவளிடம் சத்தியம் வாங்கினார். இது நடந்தது எழுபத்தேழு பொங்கலுக்கு.

இனி வேலை. முப்பத்து நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் எண்கள் வேண்டும்: முப்பத்தைந்து, அறுபத்தொன்பது, நூற்று மூன்று, நூற்று முப்பத்தேழு என்று முப்பத்து நான்கு முப்பத்து நான்காகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றாலும் பதினேழு ஒன்றுகளை வகுத்துப் பார்க்க வேண்டும். பட்டியல் எழுதுவதை ராதாமணி எடுத்துக்கொண்டாள். பகலில் அவள் ராமமூர்த்தியின் அண்ணன் வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றுவாள், அதாவது ராட்டையில் நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றிக் கொடுப்பாள். தங்கள் மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனபின், ராட்டைக்குப் பக்கத்தில் நோட்டை விரித்துக் கூட்டிக்கொண்டே போனாள்.

கூட்ட ஆரம்பித்த நாலாம் நாள் அவள் கை நின்றது. அறுபத்தொன்பது மூன்றால் போகிறது. அடுத்து நூற்று எழுபத்தொன்று. அடுத்து இருநூற்று எழுபத்து மூன்று. எண்ணிப் பார்த்தாள். பட்டியலில் ஒவ்வொரு மூன்றாவது எண்ணும் மூன்றால் போகிறது. ஒவ்வொரு ஐந்தாவதும் ஐந்தால். ஒவ்வொரு ஏழாவதும் ஏழால். அப்படிப் போகிறவற்றால் வகுத்துப் பார்க்கவே வேண்டாம். மூன்றால் முடியாததை மூன்றின் மடங்கு எங்கே முடிக்கப்போகிறது? சேலைக் கரையில் மூன்று இழைக்கு ஒரு பச்சை, ஐந்து இழைக்கு ஒரு சிவப்பு என்று கோடு போடுவதைப் போலத்தான் இது. வகுக்காமலே, கலர் பென்சிலால் மூன்றுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு கோடு, ஏழுக்கு, பதினொன்றுக்கு, பதிமூன்றுக்கு என்று அடித்துக்கொண்டே வந்தாள். மிஞ்சியதை மட்டும் வேறு நோட்டில் நகலெடுத்துக் கணவரிடம் கொடுத்தாள். நூறு எண்ணில் அறுபதுக்கு மேல் கழிந்துபோனது.

நோட்டைப் பார்த்த கல்யாணராமன் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு? கிரேக்க தேசத்துல ஒருத்தர் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரிதான் அடிச்சிண்டு போனார்."

"அவுக வீட்லயும் தறி இருந்துச்சா சார்?" என்று ராதாமணி கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எண். அதுதான் ராமமூர்த்தியின் கணக்கு. காலையில் குளித்துவிட்டு வந்து நாலு, பஸ்ஸில் போக வர நாலு, சாயங்காலம் காபிக்கு அப்புறம் நாலு. ஜுரமானாலும் பன்னிரண்டு, சித்திரைத் திருவிழாவானாலும் பன்னிரண்டு. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று தல்லாகுளத்துக் கூட்டத்தில் நின்றுகொண்டு நாலு எண் வகுத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல் தேயவில்லை. பென்சில்தான் தேய்ந்தது. வருஷங்கள் போயின. லட்சம் தாண்டியது, பத்து லட்சம் தாண்டியது, இருபது லட்சம் தாண்டியது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு மீதி உட்கார்ந்தது. பட்டறையில் எல்லாரும் சிரித்து ஓய்ந்து, பிறகு பழகிப்போய், கடைசியில் ஒருவகை மரியாதைக்கு வந்திருந்தார்கள். புது ஆள் எவனாவது கிண்டல் செய்தால் பேயாண்டியே, "டேய், அவரு ஒண்ண எடுத்தாருன்னா எடுத்ததுதான். நீ ஒரு வாரம் ஒழுங்கா வேலைக்கு வந்து காட்டு பாப்போம்" என்று வாயடைத்துவிடுவார்.

எண்பத்து மூன்று ஆவணியில் கல்யாணராமன் ஓய்வு பெற்று மெட்ராஸில் மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லி விடைபெற வந்தார். ராதாமணி காபி கொடுத்தாள்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கீர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இருபத்தாறு லட்சம் தாண்டியாச்சு சார்."

கல்யாணராமனின் சிரிப்பு நின்றது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, இல்லாத அவசரத்தைச் சொல்லிக் கிளம்பிவிட்டார். வாசலில் ராதாமணியைப் பார்த்தவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராதாமணி முட்டாள் இல்லை. இருபத்தாறு லட்சம் என்றதும் ஏன் முகம் செத்தது? பதில் பின்னால் எங்கேயோ இருக்கிறது. அதைத் தாண்டி வந்துவிட்டார்கள். இனி இந்த மனுஷன் கண் பூத்துப்போகும்வரை வகுத்தாலும் வெறும் மீதிதான் வரும்.

மறுநாள் ராமமூர்த்தி பஸ் ஏறியதும் அவள் இட்லிக் கொப்பரையை அடுப்பில் வைத்தாள். அன்று இட்லி ஊற்றவில்லை. ஆவியில் கவரைக் காட்டி மெதுவாகப் பிரித்தாள். தாளில் இரண்டே இரண்டு எண்கள்: 2071723, 5363222357. முதல் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போன வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தாள். பக்கத்தைக் கண்டுபிடித்தாள். அவளுடைய முத்துமுத்தான எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எண்கள்.

2071621
2071273
2071757

ஏறிக்கொண்டே போக வேண்டிய பட்டியல் நடுவில் ஒரு படி இறங்கியிருந்தது. கூட்டிய நோட்டில் எழுநூற்று இருபத்து மூன்று என்று சரியாகத்தான் இருந்தது. நகலெடுக்கும்போது இருநூற்று எழுபத்து மூன்று ஆகிவிட்டது. இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. ராமமூர்த்தி அவள் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பி, தப்பில்லாமல் வகுத்து, தப்பில்லாமல் மீதியும் எழுதியிருந்தார். அவர் சொன்னதையெல்லாம் இவள் சரிபார்த்தாள். இவள் எழுதியதை அவர் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று யார் வேண்டுமானாலும் ஆறுதல் சொல்லலாம். சறுக்கியது தன் கால் என்றால்தான் தெரியும். ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து ராதாமணி அழுதாள். சொல்லிவிடலாம். "என் தப்பு, இதுதான் அந்த எண்" என்று ஒரே வாக்கியம். ஆனால் அது நூற்றிருபத்தேழு கதைதான் மறுபடியும். இன்னொருத்தர் கையில் இருந்த பதிலை வாங்கிக்கொண்ட ராமமூர்த்தியாக அவர் மிச்ச ஆயுளும் இருப்பார். சொல்லாமலே அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்தி, "இது விட்டுப்போச்சு" என்று நீட்டலாம். அது இன்னும் மோசம். அது திருட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் ஒரு சொட்டு எடுத்துக் கவரை ஒட்டி, பட்டு வேட்டிக்கு அடியில் வைத்தாள். பரணில் இருந்த பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினாள். ஒன்றைத் திருத்தினால்தான் திருட்டு. எல்லாவற்றையும் திருத்தினால் அது வேலை. முதல் நோட்டின் முதல் எண்ணிலிருந்து, கூட்டிய நோட்டையும் நகல் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலக்கம் இலக்கமாக ஒப்பிட ஆரம்பித்தாள்.

"என்ன இது, கடையப் பரப்பிருக்க?" என்று சாயங்காலம் ராமமூர்த்தி கேட்டார்.

"நகல் எடுத்தது எல்லாத்தையும் ஒருதரம் பாக்குறேன். நான் என்ன தேவலோகத்துலருந்தா வந்தேன், தப்பே வராம இருக்க?"

"அம்புட்டையுமா? முப்பதாயிரம் இருக்குமே!"

"நீங்க வகுத்தீங்கள்ல? நான் பாக்க மாட்டேனா?"

அவர் தன் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாளைக்கு இருநூறு எண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது ராதாமணிக்கு வெறும் பேச்சு இல்லை. அந்த மார்கழியில் அவள் கண்ணாடி போட்டாள். தெரிந்த ஒரு எண்ணுக்காக ஆரம்பித்ததில் தெரியாதவை வந்து விழுந்தன. ஒன்பது ஆறாகியிருந்தது ஓரிடத்தில். ஒரு பூஜ்யம் காணாமல் போயிருந்தது இன்னோரிடத்தில். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி எழுதினாள். 2071723 ஒன்பதாவதாக வந்தது. முன்னாலும் தள்ளவில்லை, பின்னாலும் தள்ளவில்லை. அதன் இடத்தில் அதை வைத்தாள்.

தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளைக் கொடுத்தாள்.

"பன்னிரண்டு தப்பு. என் தப்புதான். இதுகளால நீங்க வகுக்கவே இல்ல."

ராமமூர்த்தி தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பன்னிரண்டா? சரியா ஒரு நாள் வேலை" என்று சொல்லிப் பென்சில் சீவினார்.

அவர் வகுக்க, அவள் எதிரே தார் சுற்றினாள். முதல் எண், மீதி. இரண்டாவது, மீதி. பத்து மணிக்கு ஐந்து முடிந்திருந்தது. நடுவில் சாப்பிட எழுந்தார்கள். என்ன சாப்பிட்டோம் என்று ராதாமணிக்குத் தெரியாது. எட்டாவது முடிந்து ஒன்பதாவது ஆரம்பித்தபோது அவள் ராட்டை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குழல் நிரம்பி நூல் தரையில் வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. அவர் கையையே பார்த்தாள். ஐந்து போட்டார். மூன்று போட்டார். ஆறு. மூன்று. இரண்டு, இரண்டு, இரண்டு. மூன்று. ஐந்து. கடைசியில் ஏழு போட்டுப் பெருக்கிக் கழித்தார்.

கழித்த இடத்தில் ஒன்றும் இல்லை.

ராமமூர்த்தி கத்தவில்லை, குதிக்கவில்லை. பென்சிலை நோட்டின் நடுவில் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு தாளில் இரண்டு எண்களையும் பெருக்கினார். பதினேழு ஒன்றுகள் வரிசையாக வந்து நின்றன. அதையும் ஒரு நிமிஷம் பார்த்திருந்துவிட்டு, "அந்தக் கவர எடுத்துட்டு வா" என்றார்.

ராதாமணி எடுத்து வந்து நீட்டினாள். அவர் பிரிக்கவில்லை. ஒட்டிய இடத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"வாத்தியார் கோந்து போட்டு ஒட்டினாரு. இதுல நம்ம வீட்டுக் கஞ்சி வாடை அடிக்குது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பிரிச்சேன். சத்தியத்த மீறிட்டேன். அவரு மொகத்தப் பாத்து..."

"தீபாவளிக்குப் பட்டு வேட்டி எடுக்கறப்பவே தெரியும் ராதா."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"அவரு மொகத்த நானுந்தான பாத்தேன். தாண்டிட்டோம்னு புரிஞ்சுச்சு. எங்கன்னு தெரியல. நீ அந்த ஒத்த நம்பர மட்டும் எங்கிட்ட நீட்டியிருந்தா, வாங்கியிருக்க மாட்டேன். நோட்டு அம்புட்டையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டிருப்பேன். நீ நீட்டல. முதல் நோட்டுலருந்து ஆரம்பிச்ச." கவரை மடியில் வைத்துக்கொண்டார். "பன்னிரண்டுல ஒண்ணுன்னு இன்னைக்குத் தெரியும். எதுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு வகுக்கல."

ராதாமணிக்கு, அப்படிப்பட்ட மனுஷனோடு இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. கவரை அவர் கடைசிவரை பிரிக்கவே இல்லை. திரும்ப அவளிடமே கொடுத்தார். தரையில் வழிந்து கிடந்த நூலை அவள் குனிந்து அள்ளினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அவர் மறுபடியும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"அதான் ஒடஞ்சிருச்சே. இன்னும் என்னத்துக்கு?"

"இன்னும் மூணு இருக்கே."

"அதுகளால இனிமே என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது," என்றார் ராமமூர்த்தி. "ஆனா நீ கண்டுபிடிச்சது பன்னிரண்டுல்ல?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்தாவது எண்ணை அவள் படிக்க, அவர் எழுதி வகுத்தார். மீதி வந்தது. பதினொன்றாவதுக்கும் வந்தது. பன்னிரண்டாவது மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்கும் மீதிதான். மூன்று மீதிகளையும் அவளுடைய எழுத்துக்குப் பக்கத்தில், ஏழு வருஷமாக எழுதிய அதே இடத்தில் எழுதிவிட்டு, நோட்டை மூடி அவள் மடியில் வைத்தார்.